கல், தறி, தாள் – 23: படியெடுத்தது பிழைத்தது

சென்ற வாரம் காஞ்சி கைலாசநாதர் கோயில் திருச்சுற்றை ஒரு முறை சுற்றி வந்தோம். மதிலை ஒட்டி வரிசைகட்டி நிற்கும் சிறு சன்னதிகளில் ராஜசிம்மப் பல்லவன் தன் விருதுப் பெயர்களை வெட்டச் சொல்லியிருக்கிறான். 200க்கும் மேற்பட்ட பெயர்கள். ஒரு தடவை வெட்டியதோடு மன்னனுக்கு மனம் ஆறவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக, வெவ்வேறு எழுத்து வடிவங்களில், அதே பெயர்களைத் திரும்பத் திரும்ப வெட்டவைத்தான். பெருமைக்காகச் செய்ததுதான். ஆனால் ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் கழித்து வந்த ஆய்வாளர்களுக்கு அந்தப் பெருமை கைகொடுத்தது. மணற்கல் பொரிந்து ஒரு வரிசையில் எழுத்து உதிர்ந்துபோன இடத்தை இன்னொரு வரிசை காட்டிக்கொடுத்தது.

1880களில் சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டாய்வாளராக வந்த ஜெர்மானியர் ஹுல்ட்ஷ், இந்த எழுத்துகளைப் படித்து 1890இல் வெளியான ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் அச்சேற்றினார். மாமல்லபுரமும் காஞ்சியும்தான் அந்தத் தொகுதியின் தொடக்கம். கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். உலர்ந்ததும் உரித்தால் கறுப்பில் வெள்ளை எழுத்து. கல் காஞ்சியிலேயே நிற்கும். அதன் படி கடல் கடந்து போகும்.

ஆக, ராஜசிம்மன் வெட்டியதை இன்று எந்த நாட்டில் இருந்தும் படிக்கலாம். அதே காஞ்சியில், 80 ஆண்டுகளுக்கு முன் அச்சான ஒரு வார இதழை முதல் இதழிலிருந்து கடைசி இதழ் வரை வரிசையாகப் படிக்க நினைப்பவர் படும் பாடு வேறு. இந்த வாரம் அந்தத் தாளின் கதை.

ரங்கூன் விழுந்த நாளில்

1942 மார்ச் 8. ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அதற்கு 3 வாரம் முன்னால்தான் சிங்கப்பூர் விழுந்திருந்தது. பர்மாவிலிருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு கால்நடையாக இந்திய எல்லையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் சென்னையே காலியாயிற்று. குண்டு விழும் என்ற பயத்தில் அரசு அலுவலகங்களும் உள்மாவட்ட ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன.

ரங்கூன் விழுந்த அதே நாளில்தான் காஞ்சிபுரத்தில் ‘திராவிட நாடு’ வார இதழ் பிறந்தது. ஆசிரியர் சி. என். அண்ணாதுரை. அப்போது அவருக்கு 32 வயது. ஈரோட்டில் ‘குடிஅரசு’, ‘விடுதலை’ இதழ்களில் துணையாசிரியராக இருந்து தொழில் பழகியவர். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த உள்ளூர்க்காரர். போர்க்காலம். தாள் தட்டுப்பாடு. நல்ல தாள் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நிலையில் எந்தச் சிறு இதழும் இல்லை. கிடைத்த தாளில் அச்சடித்தார்கள். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

‘திராவிட நாடு’ 1963 வரை வந்தது. தலையங்கம், தொடர்கதை, நாடகம், விவாதம், நையாண்டி எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒருவரே எழுதினார். ஒரே பெயர் எல்லாப் பக்கத்திலும் வந்தால் நன்றாக இராது என்பதால் பரதன், சௌமியன், வீரன் எனப் பல புனைபெயர்களை வைத்துக்கொண்டார். ‘ரங்கோன் ராதா’, ‘பார்வதி பி.ஏ.’ முதலிய புதினங்கள் இந்த இதழில் தொடராக வந்தவை. 1942 ஏப்ரல் 26 இதழில் திருவாரூரிலிருந்து ஒரு பள்ளி மாணவர் அனுப்பிய ‘இளமைப் பலி’ என்ற கட்டுரை வெளியானது. எழுதியவர் மு. கருணாநிதி. அதே ஆண்டு ஆகஸ்ட் 10இல் அந்த மாணவர் ‘முரசொலி’யைத் தொடங்கினார். அது அப்போது இதழ்கூட இல்லை, வெறும் துண்டறிக்கை.

1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாளாகப் பெரியார் அறிவித்தார். அது இன்ப நாளே என்று அண்ணா மறுத்து எழுதினார். எங்கே? 1947 ஆகஸ்ட் 10 ‘திராவிட நாடு’ இதழில். 2 ஆண்டு கழித்துத் தி.மு.க. பிறந்ததற்கு வரலாற்றாசிரியர்கள் காட்டும் விரிசல்களில் இதுவும் ஒன்று. 1955இல் அண்ணா தொடங்கிய தம்பிக்குக் கடிதங்கள் ‘திராவிட நாடு’ இதழிலும், பிறகு 1964இல் தொடங்கிய ‘காஞ்சி’ இதழிலும் தொடர்ந்தன. கடைசிக் கடிதம் 1969 பொங்கலுக்கு ‘காஞ்சி’யில் வந்தது. பிப்ரவரி 3ஆம் தேதி அண்ணா மறைந்தார்.

பெரிய காஞ்சியின் அச்சகம் இப்படி என்றால், வைணவத் தலமான சின்னக் காஞ்சி வேறு திசையில் அச்சடித்துக்கொண்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரதிவாதி பயங்கரம் அனந்தாசாரியார் ‘மஞ்சுபாஷிணி’ என்ற சமஸ்கிருத இதழை நடத்தினார். அவருக்குப் பின் அதே மரபில் வந்த அண்ணங்கராசாரியார் (1891–1983) நூல்களோடு ‘ஸ்ரீராமாநுஜன்’ போன்ற இதழ்களையும் விடாமல் வெளியிட்டார். கொள்கையில் வடக்கும் தெற்குமான இந்த இரு தரப்புக்கும் ஒன்று பொது. இரண்டுமே கடைத்தெருவை நம்பாமல் தம் கூட்டத்தாரை நம்பின. சந்தா கட்டுபவர், கட்டியதைப் படிப்பவர், படித்ததைச் சபையில் பேசுபவர் என்ற வட்டத்துக்குள் சுற்றிய செய்திமடல்கள் அவை. அந்த வட்டம் கலைந்ததும் அவற்றைக் கேட்பார் இல்லை.

படித்தவன் கையிலேயே கிழிந்தது

ஓர் இதழ் ஏன் அழிகிறது? யாரும் படிக்காததால் என்றுதான் தோன்றும். திராவிட இயக்க இதழ்களுக்கு நடந்தது நேர் எதிர். ஒரு பிரதி படிப்பகத்துக்கு வரும். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் சத்தமாகப் படிப்பார், சுற்றி 20 பேர் கேட்பார்கள். அங்கிருந்து முடிதிருத்தும் கடை, பிறகு டீக்கடை பெஞ்சு, தறிக்குழியில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளி வீடு. அடுத்த இதழ் வருவதற்குள் பழையது மடிப்பில் விரிந்து, ஓரம் நைந்து, இரண்டாகப் பிரிந்திருக்கும். மிஞ்சியது எடைக்குப் போகும், கடலை மடிக்கப் பயன்படும். யாரும் தொடாமல் அலமாரியில் நின்ற அரசிதழ் பத்திரமாக இருக்கிறது. ஊரே படித்தது காணாமல் போயிற்று.

தப்பிய பிரதியையும் தாள் விடவில்லை. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் லிக்னின் என்ற பொருள் மிச்சமிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது தாளைப் பழுப்பாக்கும். மை பரவாமலிருக்கத் தாளில் சேர்த்த படிகாரம் மெல்ல அமிலமாகி இழையை அறுக்கும். பழைய இதழின் ஓரத்தை மடித்தால் மடியாது, ஒடியும். தைத்த கம்பி துருவேறி, அதைச் சுற்றித் தாள் பொடியும். போதாததற்கு ராமபாணப் பூச்சி, கரையான், காஞ்சியின் ஐப்பசி ஈரம்.

சட்டம் காப்பாற்றவில்லையா? 1867ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டம் அச்சாகும் நூல்களை அரசுக்கு அனுப்பச் சொன்னது. 1954இல் வந்த நூல் வழங்கல் சட்டம் 1956இல் செய்தித்தாள்களையும் சேர்த்துக்கொண்டது. சென்னையில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் அதன்படி பிரதி பெறும் நூலகங்களில் ஒன்று. ஆனால் அடுத்த வாரத் தாளுக்குக் காசு தேடிக்கொண்டிருக்கும் சிறு இதழ்க்காரருக்குச் சட்டப்படி பிரதி அனுப்புவது கடைசிக் கவலை. துண்டறிக்கைகளும் சபை மடல்களும் இந்த வலையின் கண்ணுக்குள் புகுந்து போய்விடும்.

அண்ணாவின் எழுத்துகள்தான் நூலாக வந்துவிட்டனவே, 1995இல் நாட்டுடைமையும் ஆயிற்றே என்று கேட்கலாம். சரிதான். தொகுப்பு நூலில் கட்டுரை இருக்கும். ஆனால் அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் என்ன இருந்தது? கூட்ட அறிவிப்பு, வாசகர் கடிதம், சந்தாத் தொகை, விளம்பரம், யாருக்கோ இரங்கல். கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்த 1953இல் தி.மு.க.வினர் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள் என்பது தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு வரி. எந்த ஊரில் யார் சுமந்தார், எவ்வளவு விற்றது என்பதை அக்காலக் கழக இதழ்களின் செய்திப் பத்திகளில்தான் தேட வேண்டும். தொகுப்பாசிரியர் கத்தரித்து எறிகிற பகுதியில்தான் நெசவாளி இருக்கிறான்.

பெயர்ப்பலகை ஓவியரின் வீடு

அரசும் கட்சியும் பல்கலைக்கழகமும் செய்யத் தவறியதைத் தனி ஆள்கள் செய்தார்கள். அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. காரைக்குடிப் பக்கத்துக்காரர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். 1950ஐ ஒட்டி பழைய புத்தகம் வாங்க ஆரம்பித்தவர், 1992இல் இறக்கும்வரை நிறுத்தவில்லை. புத்தகம் சேர்ப்பவர்கள் பலர் உண்டு. முத்தையா மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்தார்: இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள். ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள் அந்த வீட்டில் நிறைந்தன.

அவர் இறந்தபின் அந்தத் தொகுப்பு சிதறியிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அதை விலைக்கு வாங்கியது. வாங்கிக் கப்பலேற்றியிருந்தால் கதை வேறு. மொழி அறக்கட்டளையோடு சேர்ந்து சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிறுத்தினார்கள். மூலம் தமிழ்நாட்டில், நுண்படச் சுருள் இங்கும் அங்கும் என்பது ஏற்பாடு. ஒரு சேகரிப்பாளரின் சொத்து எல்லோருக்குமான நூலகமானது அந்த ஏற்பாட்டால்தான். இன்று அது தரமணியில் இயங்குகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழிவு நிலை ஆவணங்கள்’ திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் பழைய பருவ இதழ்களை மின்படியாக்கும் வேலையையும் இந்நூலகம் செய்தது.

ஓர் இதழ் அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும்? முதல் வேலை, துருப்பிடித்த கம்பியை நோகாமல் கழற்றுவது. மென்தூரிகையால் தூசியைத் தட்டுவது. கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா போடவே கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் தாளையே தின்றுவிடும். உலகெங்கும் இதற்குப் பயன்படுவது ஜப்பானியத் திசுத்தாள். கோசோ என்ற செடியின் பட்டையில் செய்வது; நீண்ட இழை, மெல்லிய உடல், அமிலமில்லை. கோதுமை மாவுப் பசையில் ஒட்டினால் அச்செழுத்து அதன் வழியே தெரியும், வேண்டாதபோது ஈரம் காட்டி உரித்தும் விடலாம். கோசோ, நம் பட்டுப்புழு தின்னும் முசுக்கட்டைக்கு நெருங்கிய உறவு. பட்டுக்காரர் ஊரின் இதழைக் காக்க அந்தக் குடும்பத்துச் செடியே வருவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பிறகுதான் கேமரா. விளம்பரப் பக்கம், அட்டையின் உட்பக்கம், வெற்றுப் பக்கம் எதையும் விடாமல் எடுத்து, தேதி வாரியாகப் பெயரிட்டு, விட்டுப்போன இதழ் எது என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியல் முக்கியம். இல்லாதது எதுவென்று தெரிந்தால்தான் இன்னொருவர் தன் பரணில் தேடுவார்.

சங்கத்தார் காத்த ‘தமிழன்’

சேகரிப்பாளர் ஒருவர் காத்தது கோட்டையூர்க் கதை. ஒரு சங்கமே காத்த கதையும் நம்மிடம் இருக்கிறது. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர், ரங்கூன் எனச் சங்கத்தின் கிளைகள் இருந்த இடமெல்லாம் இதழ் போயிற்று. 1914இல் பண்டிதர் மறைந்தார். அதன்பின் பல்லாண்டுகள் தமிழ் இதழியல் வரலாறுகள் அவர் பெயரைப் பெரும்பாலும் உச்சரிக்கவே இல்லை.

ஆனால் தாள்கள் இருந்தன. இயக்கத்தைச் சேர்ந்த குடும்பங்களிலும், அன்பு பொன்னோவியம் போன்றோரின் சேகரிப்பிலும் ‘தமிழன்’ இதழ்கள் கைமாறிக் கைமாறிப் பிழைத்தன. அவற்றிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்ச் சமூக வரலாற்றை எழுதும் முறையே மாறியது. கருத்துகள் புதிதாகப் பிறக்கவில்லை. அதற்கு 90 ஆண்டுகளுக்கு முன் ராயப்பேட்டையில் ஒரு பைசாவுக்கு விற்றவைதான். ஒரு வீட்டு அலமாரியில் இருந்தவரை அது அந்த வீட்டின் பக்தி. அச்சேறிய பிறகே அது வரலாறு.

வாளோடு போகாத அறிவு

இதே கதை கடலுக்கு அப்பால் நடந்தது எப்படி என்பதையும் பார்க்கலாம். ரங்கூனையும் சிங்கப்பூரையும் பிடித்த ஜப்பான் 1945இல் சரணடைந்தது. நேச நாடுகளின் ஆக்கிரமிப்புப் படை ஆயுதங்களை ஒப்படைக்க உத்தரவிட்டது. துப்பாக்கியோடு வாள்களும் ஆயுதக் கணக்கில் சேர்ந்தன. போர்க்காலத்தில் தொழிற்சாலையில் அடித்த வாளும் 700 ஆண்டு பழைய கலைப்பொருளும் ஒரே குவியலில் கிடந்தன. எத்தனையோ வாள்கள் அமெரிக்கச் சிப்பாய்களின் பைகளில் ஞாபகப் பொருளாகக் கப்பலேறின. ஹொம்மா ஜுன்ஜி, சாட்டோ கன்சான் போன்ற அறிஞர்கள் அதிகாரிகளிடம் வாதாடி, கலைமதிப்புள்ள வாள்களுக்கு விலக்குப் பெற்றார்கள். 1948இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. ‘டோக்கென் பிஜுட்சு’ என்ற அதன் மாத இதழ் வாள்களைப் பற்றிய அறிவை ஆவணமாக்கியது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த வாள்களுக்கு என்ன வழி? சிப்பாயின் மகனுக்கு அது வெறும் இரும்பு. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் சிறு சிறு சங்கங்களாகக் கூடினார்கள். பிரிட்டனில் டோக்கென் சங்கம் 1964இல் தொடங்கியது. அமெரிக்காவிலும் இப்படிச் சங்கங்கள் எழுந்தன. சில நூறு பேருக்குப் போகும் செய்திமடல்களே அவர்களின் பள்ளிக்கூடம். ஜப்பானிய வாளின் கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே மறைந்திருக்கும் இரும்பு அடிப்பகுதியில் கொல்லரின் பெயர் உளியால் வெட்டியிருக்கும். அந்தப் பகுதியின் துருவைத் தேய்க்கவே கூடாது. துருவின் நிறமும் அரம் போட்ட கோடுகளும்தான் வாளின் வயதுச் சான்று. பளபளக்கட்டும் என்று தேய்த்தவர் சான்றை அழித்தவர். இதைப் புதிதாக வாள் வாங்கியவருக்கு யார் சொல்வது? செய்திமடல் சொன்னது.

வெட்டிய பெயரைத் தாளில் எடுக்க அவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒஷிகட்டா என்பார்கள். மெல்லிய தாளை இரும்பின் மேல் விரித்து, கறுப்பு மெழுகுக் கட்டியால் தேய்த்தால் பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். நம் கல்வெட்டுத் துறையினரின் மைப்படிக்கும் இதற்கும் கருவிதான் வேறு, கருத்து ஒன்றே. ஒரு நகரத்தில் இருக்கும் வாளின் கையொப்பத்தை இன்னொரு கண்டத்தில் இருப்பவர் ஒப்பிட்டுப் போலியைக் கண்டுபிடிக்க முடிந்தது இந்தப் படிகளால். தலைமுறை மாறியதும் வாள் ஏலத்துக்குப் போகும், நல்ல விலை கிடைக்கும். அதோடு கட்டி வைத்த செய்திமடல்களுக்கு விலை கிடையாது, குப்பைக்குப் போகும். வாளைத் திரும்ப வாங்கிவிடலாம். மடலில் இருந்த அறிவு போனால் போனதுதான். அதனால்தான் அச்சங்கங்களைச் சேர்ந்தவர்கள் பழைய மடல்களைத் தேடி எடுத்து மின்படியாக்கிப் பகிர்கிறார்கள்.

ஒரே இடத்தில் வைத்த பொக்கிஷம்

படி எடுத்தால் போதாது. அது பல இடங்களில் இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் படி இல்லாதவை இருந்தன. அந்த இழப்பின் பாடத்தைக் கற்றவர்கள் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கி இலவசமாகத் திறந்து வைத்தார்கள். பள்ளி ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், இறந்தவர் நினைவாக வீட்டார் அச்சிடும் ‘கல்வெட்டு’ என்று எதையும் அவர்கள் சிறிதென்று தள்ளவில்லை.

மின்படி என்றால் நித்தியம் என்றும் நம்பிவிட வேண்டாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. பல சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. தமிழ் இதழ்களின் படிகள் இருந்த அழிவு நிலை ஆவணங்களின் தளமும் அதில் அடக்கம். சென்னையிலும் படி இருந்ததால் நமக்குப் பெரிய கேடில்லை. லண்டனை மட்டும் நம்பியிருந்தால் கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பகிர்வதில் இன்னொரு தடை, யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. ‘குடிஅரசு’ 1925 மே 2இல் தொடங்கிய இதழ். அதிலிருந்த பெரியாரின் எழுத்தையும் பேச்சையும் கால வரிசையில் வெளியிடப் பெரியார் திராவிடர் கழகம் முனைந்தபோது, உரிமை எங்களுடையது என்று திராவிடர் கழகத் தரப்பு வழக்குத் தொடுத்தது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அடுத்த ஆண்டு தொகுதிகள் வெளிவந்தன. இப்போது இரு தரப்பு ஆதரவாளர்களும் அவற்றைப் புரட்டித்தான் மேற்கோள் தேடுகிறார்கள்.

சட்டம் சிறு இதழ்க்காரருக்கு நினைத்த அளவுக்குக் கடுமையானதல்ல. இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை. எழுதியவர் யாரென்று வெளிப்படாத, பெயரில்லாத அல்லது புனைபெயரிலான எழுத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60. பெயரில்லாமல் வந்த சங்கச் செய்தி, கூட்ட அறிக்கை எல்லாம் 1960க்கு முந்தையவை என்றால் பெரும்பாலும் தடையில்லை. லாப நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் தாளில் உள்ளதைப் பாதுகாப்புக்காக மின்படியாக வைத்துக்கொள்ள 2012 திருத்தம் இடம் கொடுக்கிறது. பயந்து பூட்டி வைக்கச் சட்டத்தைச் சாக்காகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி காஞ்சி செய்ய வேண்டியது

அண்ணாவின் இதழுக்குக் கட்சி இருக்கிறது, ஆய்வாளர் இருக்கிறார்கள். சின்னக் காஞ்சியின் இதழ்களுக்கு வைணவ அன்பர்கள் உண்டு. ஆதரவற்றுக் கிடப்பது நெசவின் தாள்கள்தான். காஞ்சிப் பட்டுச் சேலை அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அதை நெய்தவரைப் பற்றிய எழுத்து எங்கே? பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளிலும், பொதுக்குழு அழைப்புகளிலும், கூலி உயர்வு கேட்டுத் தொழிற்சங்கங்கள் அடித்த நோட்டீஸ்களிலும் இருக்கிறது.

ஒரு நெசவாளியின் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். சங்கம் எடை போட்டுக் கொடுத்த பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, நெய்து கொண்டுவந்த சேலையின் எடை, கழிவு, கூலி, பிடித்தம். 4 வரியில் ஒரு குடும்பத்தின் மாதம் அடங்கிவிடுகிறது. கோர்வைச் சேலைக்கும் சாதாச் சேலைக்கும் கூலி எப்போது, எவ்வளவு விலகியது? ஜரிகை விலை ஏறிய ஆண்டில் தறி எத்தனை நாள் நின்றது? இவற்றுக்கு விடை சொல்லும் நூல் எதுவும் இல்லை. இந்தச் சின்னப் புத்தகங்கள் சொல்லும். காஞ்சிப் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்படிக் குறியீடு கேட்கும் எந்தப் பொருளுக்கும், இந்த மண்ணில் இது நெடுங்காலமாக நடக்கும் தொழில் என்று காட்டச் சான்று வேண்டும். பழைய தாள் என்பது பழம்பெருமைக்கு மட்டுமல்ல, வழக்கு மன்றத்திலும் வாணிகத்திலும் நிற்கக் கூடிய பத்திரம்.

இதற்குப் பெரிய திட்டமோ பெருந்தொகையோ வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். சங்கத்துக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும். முதலில் பட்டியல்: எந்த ஆண்டு அறிக்கை இருக்கிறது, எது இல்லை. பிறகு நல்ல வெளிச்சத்தில், தாளை நசுக்காமல், ஒவ்வொரு பக்கமும் நேர்மேலிருந்து படம். தேதி போட்ட பெயர். பாஸ்புக் என்றால் உரியவரின் சம்மதம், பெயரும் முகவரியும் மறைப்பு. மூலம் சங்கத்திலேயே இருக்கட்டும். ஒரு படி மாவட்ட மைய நூலகத்துக்கு, இன்னொன்று தரமணிக்கு, மூன்றாவது எவரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில். எடுத்து முடித்தபின் மூலத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அதுதான் வேண்டும்.

சங்க அலுவலகம் வெள்ளையடிக்கும்போதோ இடம் மாறும்போதோதான் இந்தத் தாள்கள் மொத்தமாக வெளியேறும். அடுத்த வெள்ளையடிப்புக்கு முன் பட்டியலாவது போட்டுவிட்டால், எதை இழக்கிறோம் என்பதாவது தெரியும்.

*(அடுத்த வாரம்: சூரத்திலிருந்து காஞ்சி வரை – ஜரிகை வந்த வழி)*